பூஜை அலமாரியில் இருந்த பிளான்

திருச்சியில வீடு கட்டுற யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க, அவங்ககிட்ட ரெண்டு பிளான் இருக்கும். ஒண்ணு மாநகராட்சியில காட்டி அனுமதி வாங்குறது. அதுல வீட்டைச் சுத்தி நாலு பக்கமும் காலி இடம் விட்டு, மழைத்தண்ணிக்குக் குழி போட்டு, பார்க்கவே லட்சணமா இருக்கும். இன்னொண்ணு கொத்தனார் கையில கொடுக்கிறது. அதுல காலி இடங்கிற பேச்சே கிடையாது. பக்கத்து வீட்டுக்காரங்க காம்பவுண்டு எங்க இருக்கோ, அதுவரைக்கும் நம்ம வீடுதான். எங்க இன்ஜினியர் இதை ரொம்ப அழகாச் சொல்லுவாரு: "மேடம், ஒண்ணு சாமிக்கு, ஒண்ணு ஆசாமிக்கு."

இதுல ஏதோ தப்பு இருக்குன்னு எனக்குத் தோணினதே இல்லை. எல்லாரும் பண்றதுதானே! ஊரோட ஒத்துப் போறவதான் நான். எங்க வீட்டுக்காரர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புல ரிட்டயர் ஆனதும், பழைய வீட்டை வாங்கி, சரி பண்ணி, விக்கிற தொழில்ல இறங்கலாம்னு யோசனை சொன்னதே நான்தான். அவரு பாவம், பேப்பர் படிச்சுக்கிட்டு நிம்மதியா இருக்கலாம்னு நினைச்சவரு. முதல் வீட்டை துவாக்குடியில வாங்கினோம். இருக்கிற ரூமைத் தடுத்து, வராந்தாவை அடைச்சு, மொட்டைமாடியில ஷீட் போட்டு, காலேஜ் பசங்களுக்கு வாடகைக்கு விட்டு, அப்படியே ஒரு ஆளுக்குத் தள்ளிவிட்டோம். அங்க எங்க சைடுல விட்ட இடத்தைப் பார்க்க வந்த ஒரே ஜீவன் ஆடுதான். அதுவும் நுழைய முடியாம திரும்பிப் போயிடுச்சு.

அந்த வெற்றியில எனக்குத் தலைகால் புரியலை. அடுத்தது ஸ்ரீரங்கம்தான்னு சொல்லிட்டேன்.

இங்க என் தம்பியைப் பத்திச் சொல்லணும். கல்யாணம் ஆன வருஷமே வளைகுடாவுக்குப் போனவன். அங்க ஒரு கட்டட கம்பெனியில சூப்பர்வைசர். அவன் பொண்டாட்டியும் மகளும் எங்க வீட்டு மாடியிலதான் இருக்காங்க. வருஷத்துக்கு ஒரு தடவை லீவுல வருவான். வந்தா பெட்டியைக் கட்டிலுக்கு அடியில தள்ளுவான், அதுல இருந்தே சட்டை எடுத்துப் போட்டுக்குவான், அதுலயே மடிச்சு வைப்பான். "ஏன்டா, பீரோன்னு ஒண்ணு இருக்கறது உன் கண்ணுக்குத் தெரியலையா? லாட்ஜுலயா தங்கியிருக்கே?"ன்னு நானும் சலிக்காம கேட்பேன். "எடுத்து அடுக்கறதுக்குள்ள கிளம்பற நாள் வந்துடுமேக்கா"ன்னு சிரிப்பான். பீரோ முழுக்க அவன் பொண்டாட்டி புடவையும் மகளோட கவுனுந்தான்.

லீவு முடியறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை மூணு பேரும் முக்கொம்பு போவாங்க. அது ஒரு வழக்கமாவே ஆயிடுச்சு. ஊர்ல இருக்கிறவங்க முக்கொம்புன்னா வறுத்த மீனு, பார்க்கு, ஊஞ்சல்னு சந்தோஷப்படுவாங்க. என் தம்பி பொண்டாட்டிக்கு முக்கொம்புன்னாலே மூஞ்சி சுண்டிப்போகும். காவேரியும் கொள்ளிடமும் பிரியற இடத்துக்குக் கூட்டிட்டுப் போய் ஐஸ்க்ரீம் வாங்கிக் கொடுத்தா யாருக்குத்தான் இறங்கும்!

இந்தத் தடவை வந்தப்போ அவனே பேச்சை எடுத்தான். "அக்கா, ஸ்ரீரங்கத்து வீட்டு வேலையை நான் கூட இருந்து பார்க்கறேன். ஆறு மாசம் வரைக்கும் இங்க இருக்கலாம். அதுக்கு மேல ஆனா விசா போயிடும். அதுக்குள்ள வீடு வித்துட்டா நான் திரும்பப் போகலை, உங்களோடயே தொழில் பண்றேன். விக்கலைன்னா ஃப்ளைட் ஏறிடறேன்." அவன் இதைச் சொல்லும்போது அவன் பொண்டாட்டி முறுக்குத் தட்டோட வாசப்படியிலயே நின்னுட்டா. அன்னிக்கு எனக்கு வந்த முறுக்கு மட்டும் எல்லாரையும் விட ரெண்டு கூட இருந்துச்சு.

வீடு அம்மா மண்டபத்துக்குப் போற ரோட்டுல இருந்து உள்ளே ஒரு சின்னத் தெருவுல இருந்துச்சு. முன்பக்கம் நல்ல பழைய செங்கல் சுவர், தேக்கு நிலை, அதைத் தொடவே வேண்டாம். பின்பக்கம்தான் மழைக்கு ஒழுகி நொந்துபோயிருந்துச்சு. ரெண்டு பக்கத்துலயும் பழைய சொந்தக்காரர் ஆஸ்பெஸ்டாஸ் இறக்கி, ஒரு பக்கம் விறகும் ஒரு பக்கம் ஓட்டை சைக்கிளும் போட்டு வெச்சிருந்தாரு. எங்க இன்ஜினியர் சுத்திப் பார்த்துட்டு வழக்கம்போல ரெண்டு பிளான் போட்டாரு. சாமி பிளான்ல அந்த ஆஸ்பெஸ்டாஸ் ரெண்டையும் எடுத்துட்டு இடத்தைத் திறந்து விட்டிருந்தாரு. கீழே ஒரு தளம், மேலே ஒரு தளம், அவ்வளவுதான். கோயிலுக்குப் பக்கத்துல உயரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கே! ஆசாமி பிளான்ல அந்த ரெண்டு பக்கமும் சமையல்கட்டும் பாத்ரூமுமா மாறியிருந்துச்சு. அதுக்கும் மேலே, மொட்டைமாடியில ஒரு ரூம்.

அந்த ரூம்தான் என் செல்லம். அங்க கட்டில் போட்டா படுத்தபடியே கோபுரம் தெரியும். "படுக்கையில் இருந்தே கோபுர தரிசனம்"னு விளம்பரம்கூட மனசுக்குள்ள எழுதிட்டேன். "அது உயரத்துல மீறிடுமேங்க?"ன்னு எங்க வீட்டுக்காரர் இன்ஜினியர்கிட்ட மெல்ல இழுத்தாரு. "சார், பெருமாளைப் பார்க்கத்தானே கட்டறோம், அவரா புகார் கொடுக்கப் போறாரு?"ன்னு அந்த மனுஷன் ஒரே போடா போட்டுட்டாரு. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். எங்க வீட்டுக்காரர் சிரிக்கலை.

அனுமதி வந்த அன்னிக்கு ரெண்டு பிளானையும் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நம்ம பக்கம் நல்ல காகிதம் எது வந்தாலும், கல்யாணப் பத்திரிகையோ கிரயப் பத்திரமோ, நாலு மூலையிலயும் மஞ்சள் தடவி சாமிகிட்ட வைக்கிறதுதானே வழக்கம். எங்க வீட்டுக்காரர் குளிச்சிட்டு வந்து, மஞ்சள் குழைச்சு, மூலைக்கு மூலை பொட்டு வெச்சு, பூஜை அலமாரியில வெச்சாரு. நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். ஒரு பிளானுக்குத்தான் மஞ்சள் வெச்சாருங்கறதை மட்டும் கவனிக்கலை.

வேலை ஆரம்பிக்கிற நேரத்துல கோயம்புத்தூர்ல இருந்து என் மகள் போன். ரெண்டாவது பிரசவம், அவ மாமியார் முட்டி ஆபரேஷன் பண்ணிக்கிட்டுப் படுத்திருக்காங்க. போகாம இருக்க முடியுமா? நானும் எங்க வீட்டுக்காரரும் மூட்டை கட்டினோம். ரயில் கரூர் தாண்டறப்போ தம்பி கூப்பிட்டான். "அக்கா, நாளைக்குக் கொத்தனார் வர்றாரு. பிளான் எங்க இருக்கு?"

"பூஜை அலமாரியில இருக்குடா, எடுத்துக்க"ன்னேன்.

எதிர் சீட்டுல எங்க வீட்டுக்காரர் வேர்க்கடலை உரிச்சுக்கிட்டு இருந்தாரு. அவர் காதுல அது விழுந்துச்சோ இல்லையோ, அந்த ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

கோயம்புத்தூர்ல பேரனைக் குளிப்பாட்டவும், சம்பந்தியம்மாளுக்குக் கஷாயம் வைக்கவுமே பொழுது சரியாப் போச்சு. தம்பி தினமும் வாட்ஸ்அப்புல போட்டோ அனுப்புவான். கிட்டப்போய் எடுத்த போட்டோவுல சுவர் சுவராத்தானே தெரியும்? பூச்சு நல்லா இருக்குன்னு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிட்டு அடுத்த நாப்கினை மாத்தப் போயிடுவேன். மாடித் தளம் காங்கிரீட் போட்ட அன்னிக்கு ஆளுங்களுக்கெல்லாம் பிரியாணி போட்டதா சொன்னான். இன்ஜினியரும் வந்திருந்தாராம், சாப்பிட்டாராம், "நல்லா போகுது"ன்னாராம்.

மூணு மாசம் கழிச்சுத் திரும்பி வந்தோம். ஸ்டேஷன்ல இருந்து நேரா ஸ்ரீரங்கத்துக்குத்தான் ஆட்டோ பிடிக்கச் சொன்னேன். தம்பி வாசல்ல நின்னுக்கிட்டிருந்தான், முகமெல்லாம் பல்லு. வெள்ளை அடிச்சு, நிலைக்கு வார்னிஷ் போட்டு, முன்பக்கம் அப்படியே மூக்கும் முழியுமா இருந்துச்சு. சந்தோஷமா ஆட்டோவை விட்டு இறங்கினேன். அப்பத்தான், வீட்டுக்குப் பக்கவாட்டுல ஒரு மாடு ஆற அமர நடந்து போயிட்டிருந்ததைப் பார்த்தேன்.

வீட்டுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவுல மாடு போகுது! அந்தப் பக்கம் ஓடினேன், அங்கயும் இடம். பின்னாடி போனேன், அங்கயும். ஒரு முழுச்சுத்து சுத்தி வாசலுக்கே வந்து நின்னேன். அண்ணாந்து பார்த்தேன். மொட்டைமாடி மொட்டையாவே இருந்துச்சு.

"டேய், சமையல்கட்டு எங்கடா?"

"உள்ளேக்கா. பிளான்ல இருக்கிற இடத்துலதான்."

"மேலே ரூமு?"

"எந்த ரூமு? பிளான்ல இல்லையே?"

பையில இருந்து பிளானை எடுத்து விரிச்சான். நாலு மூலையிலயும் மஞ்சள்.

"அடப்பாவி! யாராவது அனுமதி வாங்கின பிளான்படி வீடு கட்டுவாங்களாடா?"ன்னு தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். எதிர்வீட்டு ஜன்னல் ஒண்ணு திறந்துச்சு. என் வாய்ல இருந்து வந்த வார்த்தை எனக்கே அப்புறம்தான் உறைச்சது. ஆனா அப்போ இருந்த ஆத்திரத்துல நிறுத்த முடியலை. "வீட்டைச் சுத்தி நடக்க இடம் விட்டிருக்கியே, இதென்ன கோயிலா, பிரதட்சிணம் பண்ண? ஸ்ரீரங்கத்துல ஒரு அடி இடம் கிடைக்காம ஜனங்க அல்லாடுது, நீ மாட்டுக்கு ரோடு போட்டுக் கொடுத்திருக்கே!"

அவன் முகம் செத்துப்போச்சு. "கொத்தனாரும் கேட்டாரு அக்கா, இது அப்ரூவல் பிளான் மாதிரி இருக்கேன்னு. பிளான்னா பிளான்தான், கட்டுங்கன்னேன். அங்கெல்லாம் டிராயிங்கை விட்டு ஒரு சுவர் நகர்ந்தா நின்னு இடிக்க வெச்சுடுவாங்க. சீல் இருக்கு, கையெழுத்து இருக்கு, மஞ்சள் வேற வெச்சிருக்கீங்க... வேற எதுன்னு நான் நினைப்பேன்?"

இன்ஜினியரைக் கூப்பிட்டேன். "பார்த்தேன் மேடம். கை இறுக்கம் போல, சின்னதாக் கட்டறாங்கன்னு நினைச்சேன். கேட்டா சங்கடப்படுவீங்களேன்னு விட்டுட்டேன்"ன்னாரு. பிரியாணி சாப்பிட்ட வாய்க்கு அது மட்டும் சங்கடம்! கடைசியில குரலைத் தாழ்த்தி, "மேடம், பிளான் போட்டது நான்தான்னு வெளியில சொல்லிக்காதீங்க, தொழில்ல கேலி பண்ணுவாங்க"ன்னு வேற கேட்டுக்கிட்டாரு.

ஆசாமி பிளான் எங்கன்னு எங்க வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவரு செருப்பையே பார்த்துக்கிட்டு நின்னாரு. பழைய யூனிஃபார்ம் சட்டைக்கு அடியில மடிச்சு வெச்சிருக்காராம். "பொய்யான பிளானைக் கொண்டுபோய் எப்படிம்மா சாமி முன்னாடி வைக்கிறது? மனசு வரலை"ன்னாரு. சரிங்க, வைக்க வேண்டாம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல! கல்யாணம் ஆன நாள்ல இருந்து இப்படித்தான். பேச வேண்டிய இடத்துல வேர்க்கடலை உரிப்பாரு.

இடிச்சுக் கட்டறதுக்கு இனிமே நேரம் இல்லை. இருக்கிறதை இருக்கிறபடியே விக்கறதுன்னு புரோக்கர்கிட்ட சொன்னோம். அவரு வந்து பார்த்துட்டு, "என்னங்க, பாதி இடத்தைக் காத்துக்கு எழுதி வெச்சுட்டீங்க?"ன்னு சிரிச்சாரு. வந்து பார்த்தவங்களும் அதே பாட்டுதான். சமையல்கட்டு சின்னது. மேலே ரூம் இல்லையா? இந்த சைடை அடைச்சுத் தருவீங்களா? என் தம்பி மட்டும் ஒவ்வொருத்தர்கிட்டயும், "அடைக்கக் கூடாதுங்க, பிளான்ல இல்லை"ம்பான். அவனை விக்கிற இடத்துல நிறுத்தி வெச்சதே என் போதாத காலம்.

நாளாக ஆக அவன் பேச்சே குறைஞ்சுபோச்சு. கம்பெனியில இருந்து போன் வந்தா மொட்டைமாடிக்குப் போய்ப் பேசுவான். ஒருநாள், அடுத்த வியாழக்கிழமைக்கு டிக்கெட் போட்டாச்சுன்னு வந்து சொன்னான். நான் அவனைத் திட்டின திட்டு இருக்கே, அதுல ஒண்ணைக்கூட அப்போ எனக்கு நினைச்சுப் பார்க்கப் பிடிக்கலை. ஒழுங்கா வேலை பார்த்த பிள்ளையைத் தெருவுல நிக்க வெச்சுக் கேவலப்படுத்திட்டோமேன்னுதான் திரும்பத் திரும்பத் தோணுச்சு.

ஞாயித்துக்கிழமை வந்துச்சு. "முக்கொம்பு போயிட்டு வரலாமா?"ன்னு அவன் கேட்டது கீழே எனக்கே கேட்டுச்சு. "நான் வரலை. நீங்க வேணும்னா போயிட்டு வாங்க"ன்னு அவன் பொண்டாட்டி சொன்னதும் கேட்டுச்சு. கொஞ்சநேரம் கழிச்சு அவ கீழே வந்து, "அண்ணி, பருப்புப்பொடிக்கு உங்க மிக்ஸியைக் கொடுங்க, எங்களது ஓடலை"ன்னு கேட்டா. கண்ணு ரெண்டும் வீங்கியிருந்துச்சு. மிளகாய் வறுத்ததாலன்னு சொன்னா. மிளகா வாசனையே வரலை, நானும் ஆமாம்னு மிக்ஸியை எடுத்துக் கொடுத்தேன்.

அன்னிக்குச் சாயங்காலந்தான் புரோக்கர் கூப்பிட்டாரு, ஒரு வயசான தம்பதி வீட்டைப் பார்க்கணும்ங்கறாங்கன்னு. நானும் தம்பியும் போனோம். அந்த ஸ்ரீரங்கத்து மாமா பளிச்சுன்னு திருமண்ணோட, கையில தடி. மாமி மடிசார்ல, வாய் மட்டும் நம்மளை மாதிரி. பெங்களூர்ல இருக்கிற பிள்ளை லோன் போட்டு வாங்கித் தரப் போறானாம். உத்தர வீதி பக்கம் வாடகைக்கு இருக்காங்க.

"பார்த்த ஆமெல்லாம் பிடிச்சுது. ஒண்ணுக்கும் பேங்க்ல லோன் தரமாட்டேங்கறா. பிளான் ஒரு மாதிரி இருக்காம், ஆம் வேற மாதிரி இருக்காம். நாங்க என்ன, பிளான்லயா போய்க் குடியிருக்கப் போறோம்?"ன்னு மாமி சலிச்சுக்கிட்டாங்க. அவங்க பேச்சுல ஆம்னா வீடு. அப்புறம் சமையல்கட்டுக்குள்ள போய், "தளிகை பண்ற இடம் சின்னதுதான். ரெண்டு பேருக்கு இது போறும்"னு அவங்களே தீர்ப்பும் சொல்லிட்டாங்க.

மாமா உள்ளேயே வரலை. எங்க போனாருன்னு பார்த்தா, தடியை ஊனிக்கிட்டு வீட்டைச் சுத்தி நடந்துக்கிட்டிருக்காரு. ஒரு சுத்து வந்தாரு, மூச்சு வாங்க நின்னாரு, மறுபடி கிளம்பினாரு. மாமி அதைப் பார்த்துட்டு என்கிட்ட குரலை இறக்கினாங்க. "பெருமாளை ஸேவிச்சுட்டுப் பிராகாரம் சுத்தாம ஆத்துக்கு வந்ததே இல்லை அந்த மனுஷர். இடுப்பு ஒடிஞ்சதுல இருந்து கூட்டத்துல நடக்கப் பயம். டாக்டரோ தினம் நடக்கணும்ங்கறார். எங்க தெருவுல ஸ்கூட்டர்காரன் எப்போ இடிப்பான்னு நான் கூடவே போறேன். இங்க பாருங்கோ, அவர்பாட்டுக்குப் பிரதட்சிணம் பண்ணிண்டிருக்கார்!"

நான் தம்பியைப் பார்க்கலை. பார்த்தா சிரிச்சிருப்பேன், இல்லை அழுதிருப்பேன். பிரதட்சிணம்னு கேலி பண்ணின வாய் என் வாய்தானே.

திங்கக்கிழமை அவங்க பிள்ளை பேங்க்ல சொல்லி, செவ்வாய்க்கிழமையே வீட்டை அளக்க ஒருத்தர் வந்துட்டாரு. டேப்பும் கையுமா, யாரையும் நம்பாத முகம். எங்க அனுமதி பிளானை வாங்கி விரிச்சாரு. மஞ்சளைப் பார்த்துட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாரு.

"எங்கெங்க மாத்தியிருக்கீங்கன்னு நீங்களே சொல்லிடுங்கம்மா. எனக்கும் வேலை சீக்கிரம் முடியும்."

"எதையும் மாத்தலைங்க."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க"ன்னுட்டு டேப்பை இழுத்தாரு. வடக்குப் பக்கம் அளந்தாரு, பிளானைப் பார்த்தாரு. தெக்குப் பக்கம் அளந்தாரு, பிளானைப் பார்த்தாரு. திரும்ப வடக்குப் பக்கம் போனாரு. மாடிக்கு ஏறினாரு, தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி ரூம் ஏதும் ஒளிஞ்சிருக்கான்னு எட்டிப் பார்த்தாரு. சுவத்தைத் தட்டிப் பார்த்தாரு. இறங்கி வந்து மழைத்தண்ணிக் குழியோட மூடியைத் திறக்கச் சொன்னாரு. குழி இருந்துச்சு. அது உள்ளபடியே குழியா இருந்தது அவருக்கு ரொம்பவே வருத்தமாப் போச்சு.

"இது யாரு கட்டினது?"ன்னு கடைசியில கேட்டாரு. போலீஸ்ல கேக்கற மாதிரி இருந்துச்சு.

"நான்தான் சார்"னு தம்பி முன்னாடி வந்து நின்னான்.

அவரு டேப்பை விட்டாரு, அது சர்ருன்னு சுருண்டுக்கிச்சு. "தம்பி, என் சர்வீஸ்ல இப்படி ஒண்ணைப் பார்த்ததில்லை. எனக்கு எழுதறதுக்கே ஒண்ணும் இல்லையேப்பா"ன்னு சொல்லிட்டு, செல்போனை எடுத்து அந்தப் பக்கவாட்டு இடத்தைப் போட்டோ பிடிச்சாரு. ஆபீஸ்ல காட்டணுமாம். அப்புறம் காபி வேண்டாம்னு முதல்ல சொன்னவரு, இருங்க, ஒரு காபி குடிக்கிறேன்னு உக்காந்தாரு.

அன்னிக்கு ராத்திரியும் புதன்கிழமை காலையும் எப்படிப் போச்சுன்னு கேக்காதீங்க. மாடியில பெட்டி கட்டி, கயிறு போட்டு முடிஞ்சாச்சு. பருப்புப்பொடி, நார்த்தங்காய், அவன் மகள் வரைஞ்ச படம் எல்லாம் உள்ள போயாச்சு. எங்க வீட்டுக்காரர் பூஜை அலமாரி முன்னாடி போய் உக்காந்தவர் எழுந்திருக்கவே இல்லை. "கவுத்ததும் நீங்கதான், காப்பாத்தறதும் நீங்கதான்னு சாமிகிட்ட சொல்றீங்களா?"ன்னு கேட்டேன். "சும்மா இரு, கணக்கு விட்டுப் போகுது"ன்னாரு. என்ன கணக்கோ.

புதன்கிழமை மத்தியானம் ஸ்ரீரங்கத்து மாமா போன் பண்ணினாரு. லோன் கொடுக்கிறதா பேங்க்ல இருந்து பிள்ளைக்குச் சொல்லிட்டாங்களாம். வெள்ளிக்கிழமை நாள் நன்னாயிருக்கு, அட்வான்ஸ் எழுதிக்கலாமான்னு கேட்டாரு. நான் "சரிங்க, சரிங்க"ன்னு நாலு தடவை சொல்லியிருப்பேன். அப்புறம், "உங்க தம்பி இருப்பாரோன்னோ? கட்டின கையாலதான் சாவி வாங்கிக்கணும்ங்கறா எங்காத்துல"ன்னாரு.

மாடிப்படியில நின்னு கத்தினேன். "டேய், டிக்கெட்டைக் கேன்சல் பண்ணுடா!"

அவன் இறங்கி வந்து என் முன்னாடி நின்னான். என் கையைப் பிடிச்சுக்கிட்டான். நானும், தெருவுல வெச்சு உன்னை அப்படிப் பேசினது தப்புடான்னு சொன்னேன். "விடுக்கா, மாட்டுக்கு ரோடுன்னு சொன்னியே, அதை நினைச்சா எனக்கே சிரிப்புதான்"னான். அவன் பொண்டாட்டி மாடியை விட்டு இறங்கவே இல்லை. தண்ணிக் குழாய் திறந்திருக்கிற சத்தம் மட்டும் ரொம்ப நேரம் கேட்டுச்சு.

வியாழக்கிழமை காலையில, ஃப்ளைட் கிளம்பற நேரமெல்லாம் தாண்டினதுக்கப்புறம், கேசரி கிண்டி எடுத்துக்கிட்டு மாடிக்குப் போனேன். தம்பி குளிச்சிட்டு இடுப்புத் துண்டோட, கட்டிலுக்கு அடியில இருந்து பெட்டியை இழுத்துத் திறந்துக்கிட்டிருந்தான். பெட்டி காலி. கையை விட்டுத் துழாவினான்.

"என் சட்டையெல்லாம் எங்க?"

அடுப்புப் பக்கம் நின்ன அவன் பொண்டாட்டி திரும்பிப் பார்க்காமலே சொன்னா. "பீரோவுல பாருங்க."

பீரோவைத் திறந்தான். நடுத்தட்டுல இருந்த பட்டுப்புடவையெல்லாம் கீழ்த்தட்டுக்குப் போயிருந்துச்சு. அந்தத் தட்டு முழுக்க அவனோட சட்டை. இஸ்திரி போட்டு, காலரும் காலரும் இடிக்காம, இங்கொரு அடுக்கு அங்கொரு அடுக்கா இருந்துச்சு. அவன் எடுக்கலை. கதவைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னான்.

சும்மா இருக்க முடியுமா என்னால? "என்னடி இது, யாரைக் கேட்டு இடத்தை மாத்தினே? அனுமதி வாங்கியாச்சா?"ன்னேன்.

"நாலு பக்கமும் இடம் விட்டுத்தான் அண்ணி அடுக்கியிருக்கேன்"னா. அதைச் சிரிச்சுக்கிட்டேதான் ஆரம்பிச்சா. முடிக்கும்போது முந்தானையை வாயில வெச்சுக்கிட்டா.

நான் கேசரியை மேடைமேல வெச்சுட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். பின்னாடி பீரோக் கதவு சாத்துற சத்தம் கேட்டுச்சு. திரும்பினப்போ தம்பி நீலச் சட்டை போட்டுக்கிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி நின்னான். காலிப் பெட்டியை ரெண்டு கையாலயும் தூக்கிப் பரண்மேல வெச்சான். கொஞ்சம் முன்னாடி நீட்டிக்கிட்டிருந்ததை, சுவர் வரைக்கும் உள்ளே தள்ளிவிட்டான்.